மழை நோட்டும் கஞ்சி நோட்டும்

"ரைட்டர், நேத்து பத்தரை மணிக்கு மழை துப்பிருச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அப்படீன்னா என்னங்க?"

காலை எட்டே கால். எஸ்டேட் ஆபீசில் நின்றபடி போனைக் காதில் வைத்திருந்தேன். மறுமுனையில் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் முதலாளியம்மா. குரலில் இருப்பது கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"துப்பிருச்சுங்களாம்மா?"

"அதுக்கு முன்னால எட்டு மணிக்கு ஆறு ஸ்பூன். பன்னண்டரைக்கு ரெண்டு ஸ்பூன். மூணு மணிக்கு மறுத்துவிட்டாள். எப்ப இருந்துங்க நாம மழைய ஸ்பூன்ல அளக்கறோம்?"

மேசையைப் பார்த்தேன். இரண்டு நீள நோட்டுகள். இரண்டுக்கும் ஒரே பழுப்பு அட்டை, ஒரே சிவப்புத் துணி முதுகு. ஒண்டிக்கடை பஜாரில் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. ஒன்று மழை நோட்டு. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இன்னொன்று என் மகள் யாழினியின் கஞ்சி நோட்டு.

இருபத்து இரண்டு ஆண்டு எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் உத்தியோகத்தில் நான் தவறான பக்கத்தை அனுப்பியது அதுவே முதல் தடவை.

ஒரு வேலையும் ஒரு பஸ்ஸும்

சென்ற வாரம் ஆபீசில் தூளி கட்டிய கதையை எழுதினேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கும் செல்விக்கும் திருமணமாகிப் பதினேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் யாழினி. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு முடிந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் வாழ்த்தினார்கள். மீதிப் பேர், "ரைட்டரு எல்லாத்தையும் நிதானமாத்தானே பண்ணுவாரு" என்றார்கள்.

செல்விக்குச் சேலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஒரு சொட்டு ரத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ஒரு ஸ்லைடு பாத்தேனுங்க" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டாள். அவள் முகம் அப்படி விரிவதைப் பார்ப்பதற்காகவே நான் புரியாத கேள்விகளைக் கேட்டுவைப்பேன்.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காலை ஏழு மணி பஸ்ஸில் மலை இறங்கினால் சாயங்காலம் ஆறேகாலுக்குத்தான் திரும்பி வருவாள். இடையில் இருக்கும் பதினோரு மணி நேரமும் குழந்தை என் பொறுப்பு. ஆபீசில் தூளி கட்டிக்கொள்ள முதலாளியம்மா அனுமதி கொடுத்திருந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வி ஒன்று சொன்னாள். "ஒம்பதாம் மாச ஊசிக்குப் போறப்ப எடை பாப்பாங்க. எடை ஏறாம இருந்துதுன்னா நான் வேலைய விட்டுருவேனுங்க. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவேண்டாம்."

சரி என்றேன். அன்று ராத்திரியே ஸ்கேலை எடுத்தேன்.

கோடு போட்ட பட்டியல்

எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ஏழரைக்குப் பெயர் கூப்பிடுதல், பத்து மணிக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சாப்பாடு. செக்ரோல் என்னும் ஆள் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கைக்குக் குழந்தையின் சாப்பாட்டுக்குப் பட்டியல் போடுவது கடினமாகத் தோன்றவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். தாய்ப்பால் காலையில் கிளம்புமுன், சாயங்காலம் வந்ததும், இரவில் கேட்கும்போதெல்லாம். பகலில் மசித்த உணவு. உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். "போதுங்க ரைட்டரே, பின்னால இன்னும் பன்னண்டு பேர் நிக்கறாங்க" என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

எட்டு மணிக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி. பத்தரைக்குப் பழம்: வாழைப்பழமோ, வேகவைத்து மசித்த பேரிக்காயோ. பன்னிரண்டரைக்குப் பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைத்த சோறு. மூன்று மணிக்கு, செல்வி பிழிந்து வைத்துவிட்டுப் போன பாலும் கொஞ்சம் கேரட் மசியலும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஸ்பூன் என்று ஒரு கட்டம், உண்மையில் எத்தனை போனது என்று பக்கத்தில் ஒரு கட்டம், கடைசியில் குறிப்பு.

செல்வி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இது புள்ளைங்க. ஏழு மணி பஸ்ஸு இல்ல."

ஸ்பூன் அளவு சரியாக இருக்க வேண்டுமே என்று ஒண்டிக்கடை மருந்துக்கடையில் கோடு போட்ட அளவுக் கப் ஒன்று கேட்டேன். கடைக்காரர் என் கையில் இருந்த பேரிக்காய்ப் பையைப் பார்த்தார். "கப்பு குடுத்தறலாமுங்க. கஞ்சிக்குச் சீட்டு எழுதுன டாக்டரு யாருங்க?"

துப்பல்

முதல் நாள் எட்டு மணிக் கஞ்சி அருமையாக இறங்கியது. கேழ்வரகு அவள் புருவம் வரை பூசியிருந்தாலும் ஆறு ஸ்பூன் உள்ளே போயிற்று. நான் ஆறு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பத்தரைக்குத்தான் சனி பிடித்தது. வாழைப்பழத்தை நாக்கால் வெளியே தள்ளினாள். தள்ளிவிட்டு என் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். பன்னிரண்டரைக்கு இரண்டு ஸ்பூன் பெரிய மனதோடு வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்குப் பால் கொஞ்சம் குடித்துவிட்டு, கேரட்டுக்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நான் சும்மா இருக்கவில்லை. கிண்ணத்தை மாற்றினேன். ஸ்பூனை மாற்றினேன். பெயர் கூப்பிடும் மணியை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். கைபேசியைக் காட்டி ஊட்டக் கூடாது என்று செல்வி சொல்லியிருந்ததால், செக்ரோலில் இருக்கும் பெயர்களைப் பாட்டாகப் பாடினேன். யாழினி தலையை ஆட்டிக் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அழவும் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. பசித்த குழந்தை அழ வேண்டாமா? இவளோ கொழுகொழுவென்று தூளியில் கிடந்து தன் கட்டைவிரலோடு பேசிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு சங்கதியும் நோட்டில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு வேளையும் கிண்ணம் காலி. பத்தரை மணி வாழைப்பழத்துக்குக் கையை நீட்டி அடம்பிடித்தாள்.

செல்வி அந்த வரியில் விரலை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் ஊட்ல இருக்கறேன். சாப்புடறா. மத்த நாள் நான் இல்ல, சாப்புடறதில்ல. இதுக்கு மேல என்னங்க எழுதணும்?"

கணக்கு அப்படித்தான் சொல்லிற்று.

அந்த நாட்களில் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்குக் குழந்தையோடு போய் நிற்பேன். செல்வி இறங்கியதும் முதலில் குழந்தையை வாங்குவாள், அடுத்து நோட்டை வாங்குவாள். வீட்டுக்கு நடக்கும் வழியில் ஸ்லைடைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டாள். ஊசி போடும் நாளுக்கு மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் தன் முடிவைச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

இந்த நிலையில்தான் நோட்டு மாறி முதலாளியம்மாவுக்குப் படம் போனது. நடந்ததைச் சொன்னேன். அவர் போனில் இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு, "ரெண்டு நோட்டையும் அனுப்புங்க ரைட்டர். மழைதான் வரமாட்டேங்குது. புள்ள என்ன சாப்புட்டான்னாவது பாக்கறேன்" என்றார்.

மூன்றாம் காட்டு மழை

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் ரைட்டராகச் சேர்ந்த புதிது. காப்பிச் செடி மொட்டு விட்டு, பூ விரிவதற்கான பூ மழைக்குக் காத்திருந்த சமயம். ஒரு மதியம் சூப்பர்வைசர், எஸ்டேட்டின் மறுகோடித் தோட்டத்திலிருந்து ஆபீசுக்குள் வந்து, "மூணாம் காட்ல நல்ல மழைங்க" என்றார். நான் வெளியே போய் மழைமானியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சொட்டு இல்லை. "மழை இல்லைங்க" என்றேன்.

"பெஞ்சுதுங்க ரைட்டரே."

"மானியில இல்லைங்களே."

அவர் சட்டை நுனியைப் பிடித்து முறுக்கினார். ஆபீஸ் தரையில் தண்ணீர் ஒழுகியது. "அப்ப இது என்னங்க, நான் அழுததுங்களா?"

இந்த மலையில் மழை அப்படித்தான். கரடியூரில் கொட்டும்போது கிளியூரில் வெயிலடிக்கும். ஒரே எஸ்டேட்டின் ஒரு மூலை நனையும், இன்னொரு மூலை காயும். அடுத்த வாரமே மூன்றாம் காட்டில் இரண்டாவது மழைமானி வைத்தார்கள். அன்று முதல் மழை நோட்டில் இரண்டு கட்டங்கள்.

இருபது ஆண்டுகளாக இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்து வந்திருக்கிறேன். அதைத் தக்க நேரத்தில் நினைக்கத்தான் தெரியவில்லை.

எடை

ஊசி போடும் நாள். செல்வி லீவு போட்டிருந்தாள். சுகாதார நிலையத்து வாசலில் வரிசையில் நின்றோம். முந்தின இரவு அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை.

நர்ஸம்மா யாழினியின் ஸ்வெட்டரையும் தொப்பியையும் கழற்றி எடை மேடையில் உட்கார வைத்தார். எண்கள் ஆடின. நின்றன.

"ஏழு கிலோ எழுநூறு."

போன மாதம் ஏழு கிலோ முந்நூறு. அட்டையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். "இன்னொருக்கா வைங்க" என்றேன். என் வாழ்க்கையில் நல்ல எண்ணை மறுத்துப் பேசியது அன்றுதான்.

நர்ஸம்மா மறுபடி வைத்தார். அதே எழுநூறு. "நல்லா ஏறியிருக்குதுங்க. இப்படியே குடுங்க" என்றார்.

எப்படியே?

ஊசி போட்டார்கள். யாழினி வீறிட்டாள். செல்வி அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் புருவம் ஏறியிருந்தது.

"ஏனுங்க, நோட்டுல எழுதினதெல்லாம் நெசந்தானுங்களா?"

"ஒரு ஸ்பூன்கூடக் கூட்டிக் குறைச்சு எழுதலை."

"ரெண்டு ஸ்பூன் சோத்துல ஒருத்திக்கு நானூறு கிராம் ஏறுதுங்களா? ஒண்ணு எடை பொய், இல்லீன்னா நோட்டு பொய்."

நான் நோட்டையும் எடை அட்டையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

களம்

வீட்டுக்குப் போகும் வழி எஸ்டேட் களத்தை ஒட்டிப் போகிறது. அது மிளகு காயும் மாதம். சிமெண்ட் தரை முழுக்கப் பச்சையும் கறுப்புமாக மிளகு பரப்பியிருந்தது. ஓரத்தில் சில்வர் ஓக் மர நிழலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். களத்துக்குப் பொறுப்பான பாப்பாத்தியும் அவளோடு மிளகு கிளறும் இரண்டு பேரும். பத்து மணித் தேநீர் நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது.

தினமும் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நான் களத்துக்கு வந்து, ஸ்டோருக்குள் மூட்டை எடையைச் சரிபார்த்து எழுதுவேன். தூசியில் குழந்தை வேண்டாமென்று அந்த அரைமணி நேரம் யாழினியை அவர்களிடம் விட்டுவிட்டுப் போவேன்.

பாப்பாத்தி எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னங்க ரைட்டரே, இன்னிக்கு இவ்வளவு நேரங்கழிச்சு? சாமி பசியில கெடக்குமுங்க. குடுங்க கண்ணு, குடுங்க."

யாழினி ஊசியை மறந்தாள். அம்மாவின் தோளிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் பாப்பாத்தியை அழைத்தாள். பாப்பாத்தி குழாயில் கைகழுவி, புடவைத் தலைப்பில் துடைக்காமல் உதறிவிட்டு, சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைய மசித்த சாமைச் சோறு. யாழினி வாயைத் திறந்தாள். துப்பவில்லை. இறுக்கவில்லை. ஒரு கவளம் இறங்குமுன் அடுத்ததற்குப் பாப்பாத்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

டப்பா காலியானது. பக்கத்தில் இருந்தவள் பாதி வாழைப்பழத்தோடு தயாராக இருந்தாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "இது எத்தனை நாளாங்க?"

"நீங்க கொண்டாந்து உட்ட நாள்ல இருந்துங்க. பத்து மணிக்குச் சாமை, ரெண்டு மணிக்கு இவ கொண்டார தயிர்ச்சோறு. நொம்ப நல்லாச் சாப்புடுமுங்க, அடம் கெடையாது."

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

பாப்பாத்தி மற்ற இருவரையும் பார்த்தாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான் அந்தண்ட நின்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தீங்களே. எவ்வளவு சாப்புட்டுதுன்னுதான் எழுதறீங்கன்னு நெனச்சமுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தது மிளகு மூட்டை எடை.

செல்வி மெல்ல ஒரு காலி மூட்டை மேல் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டப் போனேன். சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு முதலில், பிறகு களம் முழுக்கக் கேட்கும் சிரிப்பு. "ஞாயித்துக்கிழமை," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை களம் லீவுங்க!"

மற்ற நாட்களில் யாழினி சாப்பிடாமல் இருந்தது அம்மாவைத் தேடியல்ல; களத்திலேயே வயிறு நிறைந்திருந்தது. குழந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமனே பசியோடு இருந்திருக்கிறாள். மூன்றாம் காட்டில் மழை கொட்டியிருக்கிறது. நான் ஆபீஸ் வாசல் மானியைப் பார்த்து இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விசாரணை

ஆனாலும் நான் நான்தானே. நோட்டைத் திறந்தேன்.

"உப்பு போடறீங்களா?"

"புள்ளைக்குன்னு எடுக்கறப்பவே உப்பில்லாமத் தனியா எடுத்துருவமுங்க."

"தயிர்ச்சோறு காலையில கலந்ததா?"

"ஏனுங்க, நாங்க என்ன புள்ள பெறாதவங்களா? தயிரு தனி டப்பா. ரெண்டு மணிக்குத்தான் கலக்கறது."

"வேற ஏதாவது?"

வாழைப்பழக்காரி சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு கரடியூர்ல இருந்து தேன் கொண்டாந்தாருங்க. நாளைக்குக் கொஞ்சம் நாக்குல தடவலாமுன்னு..."

"ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் கூடாது. நர்ஸம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க."

"ஆகாதுங்களா?" பாப்பாத்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டயா? நல்லவேளை. அதையும் அந்த நோட்டுல எழுதித்தான் வெச்சிருக்கீங்களா, ரைட்டரே?"

முதல் பக்கம், ஏழாவது வரி. காட்டினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நோட்டின் மேல் அவர்களுக்கு அன்றுதான் கொஞ்சம் மரியாதை வந்தது.

அங்கேயே மூட்டை மேல் நோட்டை வைத்துப் புதிய பட்டியல் போட்டோம். எட்டு மணிக் கஞ்சி என்னுடையது. பத்து மணிச் சாமையும் பழமும் களத்துடையது. பன்னிரண்டரைச் சோறு எனக்கு. இரண்டு மணித் தயிர்ச்சோறு களத்துக்கு. பால் மூன்றரைக்கு, கேரட் மசியல் நான்கு மணிக்கு, அதுவும் அவள் கேட்டால். கேழ்வரகும் பருப்பும் மாதாமாதம் எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று செல்வி சொன்னதற்கு, "சாமை எங்க காட்டுது. அதுக்குப் பதில் எதுவும் வாங்க மாட்டமுங்க" என்று பாப்பாத்தி முடித்துவிட்டாள்.

நோட்டில் இரண்டாவது கட்டம் போட்டேன். மேலே 'களம்' என்று எழுதினேன்.

செல்வி அன்றைக்கே பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வர்றேனுங்க. நாளைக்கு மட்டுமில்லீங்க, எப்பவும்." மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் குழந்தையை வாங்கினாள். நோட்டை வாங்கவில்லை. "இன்னிக்கு ஒரு ஸ்லைடு பாத்தேனுங்க" என்றாள்.

நான் புரியாத கேள்வி ஒன்றைக் கேட்டேன். வீடு வரை பேசினாள்.

இரண்டு நோட்டுகள்

சில நாள் கழித்து ஒரு மதியம், இரண்டேகால் இருக்கும். ஸ்டோருக்குள் மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் ஒரு கல் விழுந்த மாதிரிச் சத்தம். இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

வெளியே ஓடினேன். மற்ற இருவரும் தார்ப்பாயை இழுத்து மிளகை மூடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பாப்பாத்தி மட்டும் வரவில்லை. கூரை ஓரத்தில், யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மிளகு நனையுதுங்க!" என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டே வாய்ங்க!" என்று அவளும் கத்தினாள்.

யாழினி மழைக்குள் ஒரு கையை நீட்டினாள். அந்த ஈரக் கையாலேயே பாப்பாத்தியின் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அளந்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு இஞ்ச் பத்து சென்ட் (நூறு சென்ட் ஒரு இஞ்ச்). மூன்றாம் காட்டில் ஒரு இஞ்ச் முப்பது. இரண்டு கட்டத்திலும் எழுதினேன். மழை நோட்டில் குறிப்பு என்று ஒரு கடைசிக் கட்டம் உண்டு. இருபத்து இரண்டு ஆண்டுகளாக நான் அதில் 'இடியுடன்', 'காற்றுடன்' என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை.

அன்று எழுதினேன்: 'பிற்பகல் இரண்டேகால். களத்தில் கிண்ணம் காலி. துப்பவில்லை.'

படம் பிடித்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது.

"ரைட்டர், இன்னிக்கும் நோட்டை மாத்தி அனுப்பிட்டீங்களா?"

"இல்லீங்கம்மா," என்றேன். "இன்னிக்குச் சரியாத்தான் அனுப்பியிருக்கேன்."